குணா சார் கேட்ட இரண்டாவது டிஸ்க்

1. திரையில் எழுத்து வரவில்லை

அன்று திங்கட்கிழமை. சாப்பாட்டு நேரம் முடிந்து டெர்மினல்களின் முன் உட்கார்ந்த பெண்கள் எல்லாரும் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் ஒரு போன் பேசி முடித்துவிடலாம். அப்படி இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். துறைமுக ஊரான கிள்ளானில், சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேஷன்ஸ் சூப்பர்வைசர். துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் ஃபாரம் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. ஃபாரம் கையில் இல்லாமல் லோரி கேட்டைத் தாண்ட முடியாது. மெஷின் நின்றால் ஃபாரம் நிற்கும், ஃபாரம் நின்றால் லோரி நிற்கும், லோரி நின்றால் டிரைவர்கள் என் மேசைக்கு வந்துவிடுவார்கள்.

"அக்கா, ஃபாரம் எப்பதான் வரும்? கப்பல் எனக்காக நிக்குமா லா?"

"வந்துடும் தம்பி. கொஞ்சம் இருங்க."

"காலையிலயும் இதான் சொன்னீங்க."

எனக்கு மேலே இருந்தவர் குணரத்தினம், எங்களுக்குக் குணா சார், கம்ப்யூட்டர் வேலைக்கெல்லாம் பொறுப்பான ஈ.டி.பி. மேனேஜர். பிரிக்பீல்ட்ஸ்காரர். அரசாங்க வேலையை விட்டுவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு, தணிந்த குரல். டெர்மினல்கள் எல்லாம் சேர்ந்திருந்த அந்த யூனிக்ஸ் மெஷினை வாங்கச் சொன்னவரும் அவர்தான், அதில் ஓடிய புரோகிராம்களில் முக்கால்வாசியை எழுதியவரும் அவர்தான். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

அன்றும் கத்தவில்லை. கன்சோலில் உட்கார்ந்து, மெஷினின் நிலவரத்தைக் காட்டும் vmstat கட்டளையைத் தட்டினார். எண்கள் வரிசை வரிசையாக இறங்கின. கடைசிப் பத்திக்குத் தலைப்பு 'id', அதாவது ஐடில். சி.பி.யு. எவ்வளவு நேரம் வேலையில்லாமல் இருக்கிறது என்று காட்டும் இடம் அது. எழுபது, எழுபத்தைந்து என்றே வந்துகொண்டிருந்தது.

"சி.பி.யு. சும்மா இருக்கு, சரோ. ஆனா மெஷின் நகருதில்லை. டிஸ்க்தான் பிரச்சினை எண்டு நினைக்கிறன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டேட்டாவும் அதே டிஸ்க்கில், பிரிண்டருக்குப் போகும் ஃபைல்களும் அதே டிஸ்க்கில், மெமரி நிரம்பினால் மெஷின் ஒதுங்குகிற இடமும் அதிலேயே.

2. "சும்மா இருக்கிற மெஷினுக்கு எதுக்கு?"

மறுநாள் மீட்டிங். எங்கள் முதலாளி பெரியசாமி சொந்தக் கையால் லோரி ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். லோரியில் எந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரிலிருந்து அப்படி ஒரு சத்தமும் வராதது அவருக்குப் பெரிய எரிச்சல். மெஷினை விற்ற கம்பெனியின் சேல்ஸ்மேனும் வந்திருந்தார்.

குணா சார் உள்ளதை உள்ளபடி சொன்னார். சி.பி.யு. பெரும்பாலும் ஐடில், டிஸ்க்தான் திணறுகிறது, இன்னொரு டிஸ்க் வாங்கி வேலையைப் பிரித்துப் போட வேண்டும்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மிஸ்டர் குணா, மெஷின் முக்கால்வாசி நேரம் சும்மா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. சும்மா இருக்கிற மெஷினுக்கு இன்னொரு டிஸ்க் எதுக்கு?"

"அந்த நம்பர் சி.பி.யு.வுக்கு மட்டும், சார். டிஸ்க்கிலயிருந்து டேட்டா வரும் வரைக்கும் சி.பி.யு. காத்துக்கொண்டு நிக்குது. அந்த நேரத்தையும் இது ஐடில் எண்டுதான் காட்டும்."

"அப்ப டிஸ்க்குக்கு நம்பர் காட்டுங்க. பார்த்துட்டு வாங்கலாம்."

காட்டக் குணா சாரிடம் நம்பர் இல்லை.

சேல்ஸ்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெஷின் நல்ல மெஷின், இதே மாடலை வேறு இடங்களிலும் போட்டிருக்கிறோம், புரோகிராம் சரியாக எழுதப்படவில்லை என்றால் எந்த மெஷினும் இப்படித்தான் என்றார். முதலாளி குணா சாரைப் பார்த்தார்.

மீட்டிங் முடிந்ததும் நாங்கள் இருவரும் கன்சோலுக்கு வந்தோம். யூனிக்ஸில் sar என்றொரு கட்டளை உண்டு, டிஸ்க்கையும் அளக்கும் என்று அவர் எங்கேயோ படித்திருந்தார். அதை நாங்கள் எஸ்.ஏ.ஆர். என்று எழுத்துக் கூட்டித்தான் சொல்வோம். 'சார்' என்று சேர்த்துச் சொன்னால் அவரையே கூப்பிடுவது போலிருக்கும். அவர் அந்த மூன்று எழுத்தைத் தட்டினார். ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. இன்னொரு தடவை தட்டினார். மறுபடியும் அதே வரி.

"எங்கட மெஷினில இதைப் போடேல்லைப் போல."

மேனுவலைப் பார்க்கலாம் என்றால், டிஸ்க்கில் இடம் போதாதென்று மேனுவல் பக்கங்களை ஏற்றாமல் விட்டிருந்தார்கள். விற்ற கம்பெனிக்குப் போன் செய்தார். அந்த சேல்ஸ்மேன்தான் எடுத்தார். திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவேயில்லை.

3. ஸ்டோரில் ஒரு மேசை

அடுத்த மாதம் புரோகிராம்களைத் திருத்தி எழுத வெளியாட்கள் வந்தார்கள். குணா சாரை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. கீழே ஸ்டோரில் ஒரு மேசை போட்டு, அடித்து வரும் ஃபாரங்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். சில வாரம் அதையும் செய்தார். டிரைவர்கள் அவரிடமே வந்து, "அங்கிள், கம்ப்யூட்டர் இன்னைக்கும் மக்கரா?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார்.

ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "நான் போறன், சரோ" என்றார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். ராஜினாமா செய்துவிட்டார் என்று மறுநாள்தான் தெரிந்தது.

புதிய புரோகிராம்கள் வந்தன. மெஷின் அதே மாதிரித்தான் ஊர்ந்தது. ஆனால் இந்தத் தடவை பழி போட ஆள் இல்லாததால் எல்லாரும் பழகிக்கொண்டார்கள்.

4. இரண்டு எண்கள்

அதற்கடுத்த வருஷம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு யூனிக்ஸ் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். சொல்லிக்கொடுத்தவர் ரொஹானா என்ற மலாய்க்காரப் பெண்மணி. மலாய் வழக்கப்படி 'புவான்', அதாவது மேடம், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டார்: மெஷின் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பிறகு கேளுங்கள், இந்த மெஷினில் எதையெல்லாம் அளக்க முடியும் என்று முதலில் கேளுங்கள்.

பிறகு sar கட்டளையின் பட்டியலைக் காட்டினார். சி.பி.யு.வுக்கு ஓர் எழுத்து, மெமரிக்கு ஓர் எழுத்து, டிஸ்க்குக்கு 'd'. நான் கையைத் தூக்கினேன்.

"எங்க மெஷின்ல அது இல்லை, புவான். தட்டினா ஃபைலைத் திறக்க முடியலைன்னு வருது."

அவர் சிரித்தார். வெறுமனே தட்டினால் அது ஏற்கெனவே சேகரித்து வைத்த கணக்கைத் தேடும். சேகரிக்கச் சொல்லி யாரும் வைக்கவில்லை என்றால் ஃபைல் எங்கிருந்து வரும்? பின்னால் இரண்டு எண்ணைப் போட்டால் இப்போதே அளந்து காட்டிவிடும். சொல்லிவிட்டு என் டெர்மினலில் அவரே தட்டினார்: sar -d 5 5.

ஐந்து வினாடிக்கு ஒரு வரி. என் பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

கிள்ளானுக்குத் திரும்பியதும் மத்தியான வேலை குவிகிற வரை காத்திருந்து அதையே தட்டினேன். டிஸ்க் பிஸி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. காத்திருக்கும் வேலைகளின் வரிசையும் நீளமாக இருந்தது. எல்லாம் அங்கேயே இருந்தது. பிரிண்ட் எடுத்து முதலாளியின் முன்னால் வைத்து விளக்கினேன்.

அவர் மடையர் இல்லை. உடனே புரிந்துகொண்டார். அடுத்த வாரமே இரண்டாவது டிஸ்க் வந்தது. பிரிண்டர் ஃபைல்களை அதற்கு மாற்றினோம். அன்று மத்தியானம் டெர்மினல் பெண்கள் ஃபாரங்களை அடித்து முடித்துவிட்டு, அடுத்த கட்டு எங்கே என்று கேட்டார்கள்.

"குணா சார் அன்னைக்கே சொன்னார், பாஸ்," என்றேன்.

"அன்னைக்கு அவர் நம்பர் காட்டல லா." சன்னலுக்கு வெளியே லோரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவரைப் பார்த்தா சொல்லு. வேணும்னா திரும்பி வரட்டும்," என்றார்.

5. பிரிக்பீல்ட்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். நல்ல சேதி கொண்டுபோகிறவளைப் போல லட்டு வாங்கிக்கொண்டு போனேன். குணா சார் அப்போது மைத்துனரின் இரும்புச் சாமான் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு கம்பெனிகளில் வேலைக்கு விசாரித்திருக்கிறார். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

டிஸ்க் விஷயத்தை நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"பின்னால ரெண்டு எண் மட்டுமோ?"

"ஆமா சார்."

"ஐந்து, ஐந்து."

"எந்த எண்ணா இருந்தாலும் சரிதான் சார். எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை, மொத்தம் எத்தனை தடவை. அவ்வளவுதான்."

தலையை ஆட்டினார். முதலாளி சொன்னதைச் சொன்னேன். "வேணுமெண்டா எண்டே சொன்னவர்?" என்று கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். பிறகு தேநீர் ஆறுகிறது என்றார். எழுந்து உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை.

அவருடைய மனைவி என்னோடு கேட் வரைக்கும் வந்தார்.

"பிள்ளை, கோவிக்காதையும். இப்ப ஏன் இதைச் சொல்ல வந்தனீர்?"

"அவர் மேல தப்பில்லைன்னு தெரியட்டும்னுதான் அக்கா."

"தன்ர புரோகிராம்தான் பிழை எண்டு ஒருமாதிரி மனசை ஆத்திக்கொண்டு இருந்தவர். பிழை விட்டனான், போகட்டும் எண்டு. இப்பதான் நித்திரை கொள்ளத் தொடங்கினவர். இனி அந்த ரெண்டு எண்ணை நினைச்சுக்கொண்டு கிடப்பார்."

கேட்டைச் சாத்திவிட்டு நடந்தேன்.

குணா சார் வேலைக்குத் திரும்பி வரவில்லை. முதலாளியும் மறுபடி கூப்பிடவில்லை. முதலாளி ஒரு தடவை நேரில் போயிருந்தால் குணா சார் வந்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் ஒரு நம்பரைக் காட்டினால், அது காட்டாத நம்பர்கள் என்னென்ன என்று அன்றைக்கே தேடுங்கள். பக்கத்தில் ஒருவரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னும் வேகமாகத் தேடுங்கள். பிறகு கிடைக்கிற நம்பரால் மெஷின் சரியாகிவிடும், அவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் குணா சாரைப் பார்த்தேன். மகள் படிப்பைப் பற்றிச் சொன்னார், மழையைப் பற்றிச் சொன்னார், கடைக்கு வரும் ஆணிகளின் தரத்தைப் பற்றிக்கூடச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.