யாரும் பார்க்கவில்லை

திருவரங்குளம் பக்கம் எங்கள் ஊரில் செவந்தி அக்காவுக்குப் பட்டப்பெயர் மூக்கணாங்கயிறு. புருசன் ராக்கன் மச்சான் எங்கே போனாலும் கூடவே போவாள். கமலை இறைக்கும்போது கிணற்றுக்கும் அவருக்கும் நடுவில் நிற்பாள். சந்தையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். புருசனைக் கட்டி மேய்க்கிறாள் என்று சிரிப்போம். அவருக்குக் காக்காய் வலிப்பு என்று தெரிந்தேதான் சிரித்தோம்.

அவர் விழுந்தால் கூட்டம் கூடிவிடும். எவனாவது ஓடிவந்து இரும்புச் சாவியைக் கையில் திணிப்பான். அக்கா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முந்தானையை விரித்து மறைத்துக்கொள்வாள். வாயோரத்து நுரையைத் துடைப்பாள். அவர் கண் திறப்பதற்குள் எங்களை அதட்டி விரட்டியிருப்பாள். எழுந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"யாரும் பாத்தாங்களா?"

"யாரும் பாக்கலீங்க. நான் மட்டுந்தான்."

1954இல் புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அதே மாதம் அக்கா மாரியம்மனுக்கும் வேண்டிக்கொண்டாள், வலிப்பு நின்றால் அவர் பால்குடம் எடுப்பார் என்று. இரண்டு வருடம் வலிப்பே வரவில்லை. பங்குனித் திருவிழாவுக்கு அவருக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் எட்டு நாளைக்கு மருந்து தொடக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம்.

அன்று சாயங்காலம் மாத்திரைச் சீசாவோடு என்னிடம் வந்தாள். நான் அடுத்த வீடு, ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேறு.

"தம்பி, டாக்டரு நிறுத்தாதன்னாரு. ஊருல தொடாதங்கிறாங்க. நீ படிச்சவன், ஒரு வார்த்தை சொல்லு."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் வாயில் அது வருமா?

"ரெண்டு வருசமா வராதது எட்டு நாள்லயா வந்துரும்? ஆத்தா பாத்துக்குவாக்கா."

அவள் முகம் தெளிந்தது. சீசாவைக் கொண்டுபோய்த் தன் வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள்.

எட்டாம் நாள் மஞ்சள் வேட்டியும் பால்குடமுமாக மச்சான் வரிசையில் நடந்தார். யாரும் கையைப் பிடிக்கவில்லை. அக்கா பத்தடி பின்னால் சிரித்த முகமாக வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கோயில் வாசலில் குடம் விழுந்தது. ஒரு வலிப்பு ஓயுமுன் அடுத்தது வந்தது, அதன்மேல் இன்னொன்று. நான் ஓடிப்போய் அரிசிப் பானையைக் கவிழ்த்து மாத்திரையை எடுத்து வந்தேன். அவருக்கு விழுங்க நினைவில்லை. வண்டி பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரே சுற்றி நின்றது. அக்கா யாரையும் விரட்டவில்லை. முந்தானையை விரித்து அவரை மறைத்தாள். வாயைத் துடைத்தாள். பிறகு காதோரம் குனிந்து, "யாரும் பாக்கலீங்க, நான் மட்டுந்தான்" என்றாள்.

முதலில் தலையைத் திருப்பிக்கொண்டவன் நான். அதற்குப் பிறகும் அவள் ஒன்பது வருடம் அடுத்த வீட்டில்தான் இருந்தாள். சாகும்வரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.