முடக்கிய கணக்கில் நுழைந்தவன்

அன்று கட்டடத்தில் இருந்தவர்கள்: கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நான், சைதுலு. வாசல் காவலுக்கு யாதகிரி. குளிர் அறைக்குப் பொறுப்பான ஸ்வரூபா. மூன்றே பேர். நான்காவதாக ஒருவர் இருந்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நடந்தது நடந்ததுதான்.

ஹைதராபாத்தை விட்டுத் தள்ளி ஒரு தடுப்பூசிக் கிடங்கு. தசரா, பட்டப்பகல். முந்தின நாளே கம்ப்யூட்டர்களுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். பண்டிகையன்று யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள். என் வேலைக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

"பூஜை வச்ச மெஷினை நோண்டாதீங்க சார். மைசம்மா ஆத்தா கையை ஒடிச்சிடுவா" என்றார் யாதகிரி.

"நாளைக்கு ஆடிட் மாமா. நோண்டலைன்னா ஆடிட்காரங்க என் கழுத்தையே ஒடிப்பாங்க."

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பிறக்கும்போதே ஒரு அட்மின் கணக்கோடு பிறக்கிறது. எல்லாக் கதவுக்கும் சாவி மாதிரி. எங்களிடம் அத்தனை மெஷினிலும் அதற்கு ஒரே பாஸ்வேர்டு. ஒன்று திருடு போனால் எல்லாம் போச்சு. அதனால் அந்தக் கணக்கை முடக்கிவிட்டு எனக்கென்று தனிக் கணக்கு போட்டுக்கொண்டே வந்தேன். கூடவே ஒரு விதியும் வைத்தேன். மூன்று முறை பாஸ்வேர்டு தப்பானால் அரை மணி நேரம் உள்ளே விடாது.

கடைசியாக, குளிர் அறையின் கதவைத் திறந்து மூடும் மெஷின். அது கீழே, அந்தக் கதவில் பதித்த சின்னக் கண்ணாடிக்கு நேர் முன்னால் இருக்கிறது. மாடியிலிருந்தே முடக்கினேன். மணி 11.20.

11.24. கணக்கு மறுபடியும் உயிரோடு இருந்தது.

முடக்கினேன். இரண்டு நிமிடத்தில் மீண்டும் வந்தது. எவனோ வெளியிலிருந்து புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். எங்கிருந்து வருகிறான் என்று பார்த்தேன். வெளியிலிருந்து இல்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கீபோர்டில் அடிக்கிறான்.

மூன்றாவது முறை முடக்கினேன். போன் அடித்தது. ஸ்வரூபா.

"அண்ணா, கதவு திறக்கல."

"உள்ளயா இருக்க?"

"ரெண்டு நிமிஷ வேலைன்னு கோட்டு போடாம வந்துட்டேன். உள்பக்கக் கைப்பிடி உறைஞ்சு கெடக்கு. விளையாடாதீங்கண்ணா."

உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி.

படியில் ஓடும்போதுதான் உறைத்தது. கதவை இயக்கும் புரோகிராம் ஓடுவதே அந்த அட்மின் கணக்கின் பேரில். கணக்கைக் கொன்றால் கதவும் செத்துவிடும். நான் அதைப் பார்க்கவே இல்லை.

மெஷினுக்கு முன்னால் யாரும் இல்லை. நாற்காலி மட்டும் பின்னால் தள்ளியிருந்தது... இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

என் கணக்கில் நுழையப் பார்த்தேன். அவசரத்தில் விசைகள் மாறின. தப்பு. மறுபடியும் தப்பு. மூன்றாவதும் தப்பு.

அரை மணி நேரம் காத்திருக்கவும் என்றது திரை. நான் வைத்த விதி. மாடிக்கு ஓடினாலும் இதே கணக்குதான்.

என் சத்தம் கேட்டு ஓடிவந்த யாதகிரி கடப்பாரையால் கதவை நெம்பினார். கோடுகூட விழவில்லை. தலைமை அலுவலகத்தில் போனை எடுக்க ஆளில்லை.

"அண்ணா... விரல் இருக்கிறதே தெரியல..."

"இதோ திறந்துடும்மா."

பொய்.

11.41. டக்.

ஒரு விசை தானாக அமுங்கியது.

டக்... டக்...

திரையில் அட்மின் பெயர் வந்தது. அதற்குக் கீழே பாஸ்வேர்டின் புள்ளிகள். ஒவ்வொன்றாக. எட்டு.

முடக்கிய கணக்கு யாரையும் உள்ளே விடாது.

விட்டது.

பூட்டு விலகியது. ஸ்வரூபா யாதகிரியின் மேல் வந்து விழுந்தாள். புருவத்தில் வெள்ளையாக உறைபனி. பார்வை மட்டும் நாற்காலியில் இருந்தது.

"அவர் எங்க?"

"யாரு?"

"கண்ணாடி வழியா பாத்தேனே. நீங்க ரெண்டு பேரும் சும்மா நின்னீங்க. அவர்தான் உக்காந்து அடிச்சாரு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாதகிரி சொன்னார். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன் பிக்ஷபதி. அதே அறையில் மாட்டிக்கொண்டு செத்தவன்.

"கண்ணாடிக்கிட்டதான் கெடந்தான் சார். அந்த மெஷினைப் பாத்த மாதிரியே."

மறுநாள் விடிந்ததும் கைப்பிடியை மாற்றினார்கள். கதவுப் புரோகிராமுக்குத் தனிக் கணக்கு போட்டு, திறந்து மூடிச் சோதித்தேன். பிறகு பழைய கணக்கை முடக்கினேன். இந்த முறை அது திரும்பி வரவில்லை.

மூடுவதற்கு முன் உள்ளே போய்ப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகள் மட்டுமே. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பூட்டு விழுந்தது.

கண்ணாடியில் உள்பக்கமாக, யாரோ மூச்சு விட்ட மாதிரி ஆவி படிந்தது. மறைந்தது.

மறுபடியும் படிந்தது.

பூட்டை இழுத்துப் பார்த்தேன். நன்றாகவே பூட்டியிருந்தது.