கப்பல் மாத்திரை

போர்ட் பிளேரிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத் தீவான கட்சாலுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் டிக்கெட்டோடு வாந்தி மாத்திரையையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குப் பாதி, பெரியவர்களுக்கு ஒன்று. போட்டதும் கண் சொருகும், எழுந்தால் கரை தெரியும். கப்பல் மாத்திரை என்றுதான் சொல்வோம், அதை மருந்து என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை.

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புற்று. இனி வைத்தியமில்லை, வலியை மட்டும் குறைக்கலாம் என்று சொல்லி, போர்ட் பிளேரில் மார்பின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இதோடு தூக்கம் வருகிற மாத்திரை எதுவும் சேரக்கூடாது, சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும் என்று டாக்டர் இந்தியில் நிதானமாகத்தான் சொன்னார். வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

காலையில் கப்பல் கிளம்பியது. மழைக்காலம், கடல் சரியில்லை. அவரைப் பங்க் படுக்கையில் படுக்க வைத்தேன்.

"கப்பல் மாத்திரைய ரெண்டா குடு புள்ள. வாந்தி வந்தா வயித்துல கத்தி சொருகுறாப்ல இருக்கும்."

"ரெண்டு போட்டா ரப்பர் மரமே சாஞ்சிரும்."

"சாஞ்ச மரந்தான நானு. குடு."

கொடுத்தேன். வலி மாத்திரைக்கும் நேரமாகியிருந்தது. அதையும் கொடுத்தேன்.

மத்தியானம் குறட்டை விட்டார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. குறட்டை விட்டு விட்டு வந்தது, நடுவில் நெடுநேரம் சத்தமே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கையால் அமர்த்தினேன்.

எதிர் பங்க்கில் இருந்த பெண் ஒரு நர்ஸ். எழுந்து வந்து அவர் உதட்டைப் பார்த்தாள். நீலமாகியிருந்தது.

"என்ன மாத்திரைம்மா குடுத்தீங்க?"

"வலிக்கு ஒன்னு."

"வேற?"

"வேற ஒன்னுமில்ல தாயி. கப்பல் மாத்திரதான், ரெண்டு."

அவள் முகம் மாறிவிட்டது. "டாக்டர் கோ புலாவோ, ஜல்தி!" என்று டாக்டரைக் கூட்டிவர ஒருவரை விரட்டினாள். என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. உங்க குரல் கேட்டா முழிச்சு மூச்சு இழுப்பாரு."

"என்னங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"பேரச் சொல்லுங்க! சத்தமா!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட மகளை விட்டுத்தான் சொல்லச் செய்வேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். இன்னும் இரண்டு தடவை "என்னங்க" என்றுதான் வந்தது. பிறகுதான் பெயரைச் சொன்னேன். கத்தினேன்.

கண் கொஞ்சம் திறந்தது. ஒரு மூச்சு இழுத்தார்.

"என்னா புள்ள, பேரச் சொல்ற..."

மறுபடி கண்ணை மூடினார். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கப்பல் டாக்டர் ஆக்ஸிஜனோடு வந்து நெடுநேரம் பார்த்தார். மார்பினை முறிக்கும் ஊசி கப்பலில் இல்லை. மூச்சு திரும்பவில்லை.

நோய் கொண்டுபோய்விட்டது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எப்படியும் கொஞ்ச நாள்தானே என்று எனக்கு ஆறுதலும் சொல்கிறார்கள். அந்தக் கொஞ்ச நாளை எடுத்தது என் கை என்று இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை. எதிரே நின்று சொல்ல முடியாமல் எழுதுகிறேன்.