ஜோடி இல்லாத டீச்சர்

என் சக ஆசிரியையைத் தூக்கிக்கொண்டு போனது கல்வி அலுவலகத்தில் இருக்கும் நீங்கள்தான். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றீர்கள். விஜயா போனவர் போனவர்தான். இங்கே கடலோரத்தில், ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். தொடக்கப்பள்ளி வேலை என்பது பாதி பாடம், பாதி பஞ்சாயத்து. என்னைப்போல் தனியாய் மாட்டிக்கொண்ட டீச்சர்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மணி அடிக்கும் உரிமை

பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கைகொடுத்தால்தான் வண்டி ஓடும் என்று புரிந்துபோனது. நான் சின்ன வயதில் அம்மாவோடு மீன்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏமாந்து ஏமாந்து பேரம் படித்தவள். அதே வித்தையை வகுப்பில் இறக்கினேன். பக்கத்தில் இருப்பவனை ஒரு பக்கம் வாசிக்கவைத்தால், அன்றைக்கு மணி அடிக்கலாம். அறை முழுக்க வாசிப்புச் சத்தம். எனக்கே என்மேல் பெருமை.

ஒருநாள் ஒன்றாம் வகுப்புக் கவின் கல் தடுக்கி விழுந்து, முட்டி சிராய்த்து அழுதான். பக்கத்தில் நின்ற நாலாம் வகுப்பு பிரின்சியிடம் தூக்கிவிடச் சொல்லிக் கத்தினேன். அவள் அசையவே இல்லை.

"தூக்கிவுட்டா இன்னா தருவீங்க டீச்சர்?"

பிரின்சியின் அம்மா

பேரத்தை அன்றோடு மூட்டை கட்டினேன். பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளை என்று ஜோடி போட்டேன். பிரின்சிக்குக் கவின். முதலில் முறைத்தாள், பிறகு அவன் மூக்கைத் துடைத்துவிட்டு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

அவள் அம்மா அணுபுரத்தில் வீட்டு வேலை செய்பவர். போகிற வழியில் வந்து, என் பொண்ணை ஆயா வேலைக்கா அனுப்பினேன் என்று பிடித்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சொல்லிக்கொடுக்கிறவளுக்குத்தான் பாடம் பதியும் என்று அவருக்கு மேல் கத்தினேன். ஆனால் நாலாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கை நான் இன்னும் தொடவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. குரலை இறக்கிச் சொன்னார்:

"எம் பொண்ணு டீச்சர் ஆனா சந்தோசந்தான். அதுக்கு முன்ன அதுக்கு ஒரு டீச்சர் வோணும்ல?"

குழுவாக உட்காருங்கள்

செங்கல்பட்டில் நீங்கள் வைத்த பயிற்சி. தலைப்பு: சேர்ந்து செயல்படுதல். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை இரவல் வாங்கி வகுப்பில் விட்டுவிட்டுப் போனேன். பள்ளிவாரியாகக் குழு பிரிந்து உட்காரச் சொன்னார்கள். நாற்காலிகள் இழுபட்டன, சிரிப்பு, அரட்டை, பகிர்ந்துகொண்ட முறுக்கு. நான் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். பயிற்சி கொடுத்தவர் சின்னப் பையன், நல்ல பிள்ளை. என் குழு எங்கே என்று கேட்டார். நான்தான் குழு என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நீங்களே தலைவரா இருந்துடுங்க மேடம்."

சாப்பாட்டு விதி

ஜோடி வந்து உட்காராமல் தட்டில் கை வைக்கக்கூடாது. நான் போட்ட விதி அது. இப்போது அதட்டவே வேண்டியதில்லை. கை கழுவ நேரமானவனுக்காகப் பசியோடு காத்திருக்கிறார்கள். ஜோடி வராத பிள்ளையை இன்னொரு ஜோடி இழுத்து நடுவில் வைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்தபடியே நான் மேசையில் என் டப்பாவைத் திறப்பேன். அங்கே பேச்சுச் சத்தம். இங்கே என் கரண்டிச் சத்தம்.

போன வாரம் பிரின்சி ஒரு கையில் தட்டும், மறு கையில் கவினுமாக மேசையருகே வந்து தரையில் உட்கார்ந்தாள். இங்கே என்ன வேலை என்று அதட்டினேன். கவினுக்கு முட்டையை உரித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்:

"நீங்க மட்டும் தனியா துன்னுகினு கீறீங்க. உங்க ஜோடி எப்ப டீச்சர் வரும்?"

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை, நீங்கள். முதலில் விஜயாவைத் திருப்பி அனுப்புங்கள், சேர்ந்து செயல்படுவது எப்படி என்று அப்புறம் எனக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.