நல்ல தண்ணீரில் கழுவிய என்ஜின்

கோட்டைக்குப்பத்தில் என் தொழிலைச் சொன்னால் சிரிப்பார்கள். ஊரே படகு என்ஜினோடு மல்லுக்கட்டும்போது, நான் கையகல ரயில் என்ஜின்களின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவற்றைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அசல் என்ஜினை ஒரு கம்பி விடாமல் அளவு குறைத்துச் செய்த மாடல்கள் அவை. சென்னையில் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புவார்கள். சக்கரத்தில் படிந்த கறுப்பைச் சுரண்டி, அச்சில் சுற்றிய முடியை எடுத்து, ஊசிமுனையால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஓடவைத்துத் திருப்பி அனுப்புவேன்.

உப்புக் காற்றுக்குப் பயந்து மேசைமேல் எதையும் திறந்து வைக்கமாட்டேன். அன்றைக்கு வைத்துவிட்டேன். ஒரு பெரியவர் அனுப்பிய பழைய நீராவி என்ஜின் மாடல் அது, உள்ளே ஓடுவது சின்ன மின்மோட்டார். ஓடும்போது டக் டக்கென்று தட்டியது. சக்கரங்களை இணைக்கும் கம்பி வளைந்திருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். அதைக் கழற்றுவதற்குள் எனக்குப் பார்சல் வந்திருப்பதாகப் போன் வந்தது. அப்படியே போட்டுவிட்டுத் திருப்பாலைவனத்துக்குப் பஸ் ஏறினேன்.

அந்த நேரத்தில் அண்ணன் மீன்பிடித்துவிட்டு எங்கள் ஊர் உப்பு ஏரியிலிருந்து வந்திருக்கிறான். அவன் தோளில் கிடந்த ஈர வலை என் மேசைமேல் சொட்டிவிட்டது. பதறிப்போய், உப்புத் தண்ணீரில் ஓடிய படகு என்ஜினுக்கு என்ன செய்வானோ அதையே இதற்கும் செய்தான். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் மாடலை முக்கி அலசி, துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்திருந்தான்.

நான் வந்ததும் நடந்ததைச் சொன்னான். தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன். மோட்டார் சுற்றியது, சக்கரம் அசையவில்லை. கோளாறு இரண்டுக்கும் நடுவில்தான் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் கோபம் வந்தால் கண் தெரியாதே.

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் செத்துப்போனார். அண்ணன் ஓட்டிய படகு என்ஜின் அலைக்கு நடுவில் நின்று, படகு கவிழ்ந்து, அண்ணன் மட்டும் கரையேறினான். முந்தின நாள் அசதியில் அவன் என்ஜினைக் கழுவாமல் விட்டதை அம்மா பார்த்திருந்தாள். அதை என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லி, வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு அண்ணன் ஒருநாள்கூடக் கழுவாமல் விட்டதில்லை.

"அன்னிக்கி என்ஜின கழுவாம வுட்டு நைனாவ சாவடிச்ச. இன்னிக்கி கழுவி இத சாவடிச்சிட்ட" என்றேன்.

அண்ணன் எழுந்து வெளியே போனான்.

மாடலைப் பிரித்தேன். அச்சில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்து, அச்சைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிளவுக்குள் பழைய கிரீஸ் கறுத்து இறுகிக் கிடந்தது. என்றைக்கோ விட்ட விரிசல் அது. தட்டிய சத்தமும் அதனுடையதுதான், நான்தான் கம்பியென்று நினைத்தேன். அச்சுகளில் உப்பின் தடமே இல்லை. அண்ணன் அவ்வளவு பதவிசாகக் கழுவியிருந்தான். எனக்கு அவமானமாக இருந்தது.

கரைக்கு ஓடினேன். அவன் தண்ணீர் டிரம்மில் படகு என்ஜினை ஓடவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். தப்பு என்னுடையது, பல்சக்கரம் முன்னாடியே பிளந்திருக்கிறது, நீ கழுவியதால்தான் மீதி பிழைத்தது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவன் என்ஜினை நிறுத்தினான்.

"அத வுடு. நைனா விசயம் உனக்கு எப்பிடித் தெரியும்? யாருக்கும் தெரியாதுன்னு இல்ல இருந்தேன்."

அவன் டிரம்மைச் சுற்றி என் பக்கம் வந்தான்.

"அம்மாவுக்கும் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

புதுப் பல்சக்கரம் போட்டு மாடலைப் பெரியவருக்கு அனுப்பிவிட்டேன், நன்றாக ஓடுகிறதாம். அண்ணன் அன்றிலிருந்து அம்மா கையால் சோறு வாங்குவதில்லை. ஏன் என்று அம்மா என்னைத்தான் கேட்கிறாள்.