எது விழுந்தால் போதும்

வேலை செய்யும் இடத்தில் அவளை 'டெக்னீஷியன்' என்பார்கள். விளையாட்டு கிளப்பில் அவள் பெயர் பல்லக்கா. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்வதுதான் அவள் தொழில். மேல் தாடையும் கீழ் தாடையுமாக அலமாரி முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் அறையில், மெழுகும் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூசியும் மணக்க, காலை முதல் மாலை வரை குனிந்தே உட்கார்ந்திருப்பாள். ஒருவர் பல்லில் இருக்கும் லேசான மஞ்சளை இன்னொரு பல்லில் அப்படியே கொண்டுவருவதற்கு அவளிடம் நாலைந்து முடி மட்டுமே கொண்ட ஒரு பிரஷ் இருந்தது.

அந்த பிரஷ்தான் அவளைப் போர்க்களத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

வெல்டிங் வேலை செய்யும் தம்பி ஒரு நாள், மேசைமேல் பகடை உருட்டிப் போர் விளையாடுவதற்கென்று ஒரு பெட்டி நிறையக் குட்டிச் சிப்பாய்களை வாங்கி வந்தான். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள், தலையில் கொம்பு வைத்த ஒரு தளபதி. எல்லாம் சாம்பல் நிறம். "அக்கா, எனக்கு நெருப்பப் புடிச்ச கை, வண்ணமெல்லாம் வராது. நீதான் பூசித் தரணும்" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். மதிய இடைவேளைகளில் அவள் ஒவ்வொருவனாக எடுத்துப் பூசினாள். ஒருவனுக்குத் தூக்கக் கலக்கம், ஒருவனுக்கு முன்கோபம், தளபதிக்கு மட்டும் லேசான அலட்சியப் பார்வை. முடித்தபோது அவர்கள் அவள் பிள்ளைகளாகிவிட்டிருந்தார்கள்.

பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்க்கப் போனவள் பதறிப்போனாள். கிளப் கூடும் நூலகத்து மாடி அறையில், மேசைமேல் அட்டை மலைகளுக்கு நடுவே, தம்பி தளபதியைத் தன்னந்தனியாக எதிரியின் பூதத்திடம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், மத்தியானச் சோத்த விட்டுட்டு அவனுக்குக் கண்ணு வரைஞ்சேன். இப்படி அனுப்பி சாகடிக்கிறியே!"

"நான் என்னக்கா பண்றது? பகடை சரியில்ல."

"பகடை சரியில்லையா, உனக்குப் புத்தி சரியில்லையா? தள்ளு."

அன்று உட்கார்ந்தவள்தான். முதல் வருடம் முழுக்கத் தோற்றாள். ஆனால் ஒவ்வொரு தோல்வியிலும் ஏன் தோற்றோம் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். தாடையில் எங்கே இடிக்கிறது என்று தேடித் தேடித் தேய்ப்பவளுக்கு அது கைவந்த பழக்கம்.

அடுத்த வருடத்து இறுதிப் போட்டிக்கு அவள் வந்து சேர்ந்தபோது கூடவே அம்மாவும் வந்தாள். முழங்கால் வலி அம்மாவை வீட்டோடு கட்டிப்போட்டிருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் தேவலை. "நீ எங்கதான் போய்த் தொலையறேன்னு பாக்கறேன்" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்தவர் பேருந்து ஓட்டுநர். சிரித்தால் மேசை அதிரும். அவருடைய பூதம் உள்ளங்கை அகலத்தில், கதாயுதத்தோடு, பார்க்கவே பகீரென்று இருந்தது.

"இது என்னடி, சூதாட்டமா?" என்று அம்மா காதைக் கடித்தாள்.

"இல்லம்மா. ஒவ்வொருத்தனுக்கும் சண்டைத் திறமை இவ்வளவுன்னு ஒரு எண் இருக்கு. ரெண்டு பேரும் சமம்னா நாலோ அதுக்கு மேலயோ விழணும், அப்பத்தான் அடி படும். நம்மாளு கெட்டிக்காரன்னா மூணே போதும். மட்டம்னா அஞ்சோ ஆறோ வேணும். அடி பட்டாலும் கவசம் தாங்குதான்னு எதிராளி ஒரு தடவ உருட்டிப் பாப்பாரு."

"எப்படிப் பாத்தாலும் அதிர்ஷ்டம்தானே?"

"என்ன விழும்ங்கறது என் கையில இல்லம்மா. எது விழுந்தா போதும்ங்கறது என் கையிலதான் இருக்கு."

"நல்லா பேசறே" என்றாள் அம்மா, ஒன்றும் நம்பாமல்.

ஆட்டம் நீண்டது. நடுவே ஓர் ஆறு. அதன்மேல் பிளாஸ்டரில் அவளே வார்த்த ஒரு பாலம். அந்தப் பாலத்தை யார் பிடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. ஓட்டுநரின் பூதத்துக்கு மூன்று உயிர். வில்லாளிகளைக் கரையில் நிறுத்தி, நெருங்க விடாமல் அதில் இரண்டைப் பறித்துவிட்டாள். மிச்சம் ஒன்று. பூதம் பாலத்தில் கால் வைத்தது. எதிரே தளபதி, அவன் முதுகுக்குப் பின்னால் ஈட்டிக்காரர்கள். அவள் பக்கம் ஓர் அடி, அவர் பக்கம் ஓர் அடி என்று மாறி மாறி.

பூதத்தின் முன்னால் எல்லாருமே மட்டம்தான். தளபதிக்கு ஐந்தோ ஆறோ வேண்டும். உருட்டினாள். பகடை பாலத்தில் மோதித் துள்ளி, மேசை விளிம்பைத் தாண்டி, அம்மாவின் நாற்காலிக்கடியில் போய் விழுந்தது. ஓட்டுநர் அந்த நேரம் பார்த்து பையில் தண்ணீர் பாட்டிலைத் துழாவிக்கொண்டிருந்தார்; மற்றவர்கள் வேறு மேசைப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"ஆறு! ஏய், ஆறுடி!" அம்மா முழங்காலை மறந்து எழுந்தே விட்டாள்.

"அடடா, போச்சா என் பூதம்?" என்றார் ஓட்டுநர் நிமிர்ந்து.

அவள் குனிந்து பகடையை எடுத்தாள். ஒரு கணம், ஒரே கணம், அது கனத்தது. "இல்லண்ணா. மேசையத் தாண்டி கீழ விழுந்துடுச்சு. செல்லாது" என்று சொல்லி மறுபடி உருட்டினாள்.

இரண்டு.

"அடிப்பாவி" என்று அம்மா தொப்பென்று உட்கார்ந்தாள்.

பூதம் திருப்பி அடித்தது. அதற்கு மூன்றே போதும், நான்கு விழுந்தது. கவசமும் கைவிட்டது. கொம்பு வைத்த தளபதியை அவள் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். சுற்றி நின்றவர்கள் 'உச்சு' கொட்டினார்கள். அவள் கொட்டவில்லை. தளபதி விழுந்தால் என்ன செய்வது என்பதை, அவனைப் பாலத்தில் நிறுத்தும்போதே யோசித்திருந்தாள். பாலம் குறுகல், பூதத்தால் ஒதுங்க முடியாது. ஈட்டி நீளம், முன்வரிசை மட்டுமல்ல, பின்வரிசையும் குத்தலாம். ஒருத்தன் குத்தினால் ஒரு பகடை. ஆறு பேர் குத்தினால் ஆறு பகடை. மட்டமான கைகள்தான், ஆனால் ஆறு கைகள்.

ஆறு பகடைகளையும் இரண்டு கையிலும் ஏந்தி, மேசை நடுவில் பார்த்து உருட்டினாள். ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு, இரண்டு. கடைசிப் பகடை சுழன்று சுழன்று ஐந்தில் நின்றது.

ஓட்டுநர் தன் பகடையை ஊதினார். கவசம் தாங்க நான்கு வேண்டும். விழுந்தது மூன்று.

அறை ஆர்ப்பரித்தது. தம்பி எங்கிருந்தோ பாய்ந்து வந்து அக்காவைத் தூக்கப் பார்த்தான். ஓட்டுநர் பூதத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து கைகொடுத்தார்.

"அந்த ஆறு மேசைமேலயே விழுந்துச்சுன்னு நீ சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

"எனக்குத் தெரியுமேண்ணா."

அவர் அதிரச் சிரித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "பொண்ண நல்லா வளத்திருக்கீங்க" என்றார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

படியிறங்கும்போது அம்மாவின் ஒரு கை தம்பியின் தோளில், ஒரு கையில் போன். மறுமுனையில் அத்தை.

"ஆமா, பூதத்தக் கொன்னுட்டா... நெஜப் பூதம் இல்லடி, பொம்மை. ஆறு பேரு ஈட்டியால... அதில்ல விஷயம். ஆறு விழுந்துச்சு, ஜெயிச்சாச்சு, யாரும் பாக்கல. இவ வேணாம்னுட்டா! வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம் ஜெயிச்சா. வேற யாரு, என் பொண்ணுதான்!"

சிப்பாய்ப் பெட்டியைச் சுமந்துகொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தவள், இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று நடையைக் குறைத்தாள்.