ஒட்டுப் போட்ட கால்

என் அக்கா புருஷனுக்குப் பஞ்சர் கடை. பிடிவாதத்துக்குத் தனிக் கடை போட்டால் அதைவிட நன்றாக ஓடும். டயருக்குள் கைவிட்டு ஆணியைத் தேடாமல் ட்யூப்புக்கு ஒட்டுப் போடுகிறவன் தொழிலாளியே இல்லை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வார்.

ஒருமுறை ஜாக்கி நழுவி, அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. எலும்பு கூடிய பிறகும் அங்கே ஒரு சின்னப் புண் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. மூடினால் வலி, காய்ச்சல். திறந்து சீழ் வடிந்தால் நிம்மதி. மாமா அதைக் கழுவி, காயவைத்து, பிளாஸ்திரி ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“டாக்டர்கிட்ட காட்டுங்களேன் மாமா.”

“காட்டுனா கால எடுத்துருவாங்க. அப்புறம் கடைய நீ நடத்துவியா?”

கத்தலுக்குள் இருந்தது முழுக்கப் பயம். அக்காதான் கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் சாவி” என்றாள். பெட்டிப் பாம்பாக வந்தார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “எலும்புக்குள்ளயும் கிருமி தங்கும். சின்னப் பசங்களுக்கு ரத்தத்துல வந்து திடீர்னு காய்ச்சலும் கால்வலியுமா ஆரம்பிக்கும். சிலருக்கு முதுகெலும்புல வந்து சாதா முதுகுவலி மாதிரி ஏமாத்தும். சுகர் இருக்கறவங்களுக்குப் பாதத்துப் புண்ணுலேருந்து இறங்கும். உங்களுக்கு எலும்பு முறிஞ்சப்ப வெளியிலேருந்து புகுந்து, நாள்பட்டுப் போச்சு.” எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைத் துணுக்கைக் காட்டினார். “இது செத்த எலும்பு. இங்க ரத்தம் ஓடாது, மருந்தும் போய்ச் சேராது. இது உள்ள கிடக்கறவரைக்கும் புண் ஆறாது.”

மாமா பேயறைந்தவர்போல அக்காவைப் பார்த்தார். “ஆணிய எடுக்காம ஒட்டுப் போட்டிருக்கேன்டி! வெளிய சொல்லிடாத.”

“எடுத்தா கால் தப்பிக்குமா டாக்டர்?” என்று அக்கா கேட்டாள்.

“தப்பிக்கும்னுதான் நம்பறேன். திறந்து பாத்தாத்தான் முழுசா தெரியும்.”

மாமா கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் காலை அசைக்கப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், எதுவும் அசையவில்லை. தலையைத் தூக்கவும் கூடாதாம். “கால எடுத்துட்டாங்களாடி?” என்று கேட்டார்.

அக்கா போர்வையை விலக்கி, போனில் படம் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெரிய கட்டு; அதன் முனையில் ஐந்து விரல்கள்.

“இந்தக் கோண சுண்டுவிரல் உங்களத் தவிர யாருக்கு இருக்கு?”

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் காது வரைக்கும் ஓடியது.

“அழகாத்தான் இருக்கு, இல்ல?” என்றார்.